பேத்தியின் சுருள் முடியும் நான் கேட்க வேண்டிய மன்னிப்பும்



நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பினேன். "அமெரிக்காவில் என்ன பார்த்தீங்க டீச்சர்?" என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். உண்மையைச் சொன்னால், நான் அதிகம் பார்த்தது என் பேத்தியின் தலைமுடியைத்தான். சிரிக்காதீர்கள். பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள். உங்களில் ஒருத்திக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இதில் இருக்கிறது.

என் மருமகன் கறுப்பின அமெரிக்கர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பேத்திக்குப் பதின்மூன்று வயது. முடி அப்பா வழி. பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைப் போல ஒவ்வொரு இழையும் நெருக்கமாகச் சுருண்டிருக்கும். காதோடு நிற்கிற முடியில் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தால் தோளுக்குக் கீழே வரும். விட்டால் மறுபடி காதுக்கே ஏறிவிடும்.

நான் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, நம் வழக்கப்படி தேங்காய் எண்ணெயும் சீப்புமாக உட்கார்ந்தேன். காய்ந்த முடியில் உச்சியிலிருந்து சீப்பை இறக்கினேன். இரண்டாவது இழுப்பிலேயே அவள் கண்ணில் நீர். சீப்பில் இரண்டு பல் போயிற்று, முடியும் சேர்ந்து உடைந்தது. "போதும் அம்மாச்சி" என்று எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை சம்பந்தியம்மா வந்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்" என்றார். முடியை நன்றாக நனைத்து, கை நிறையக் கண்டிஷனர் தடவி, எட்டுப் பாகமாகப் பிரித்தார். சீப்பையே எடுக்கவில்லை. விரலால், நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மேலே ஏறிச் சிக்கெடுத்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. பிள்ளை கதைப் புத்தகம் படித்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

நம்முடையது போன்ற நேர் முடியை ஈரத்தோடு வாரக் கூடாது, இழுபட்டு அறும். இந்த முடிக்கு நேர் எதிர்: காய்ந்திருக்கும்போதுதான் உடையும். இழையை வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்காது, தட்டையாக இருக்கும். அது திரும்புகிற ஒவ்வொரு வளைவும் ஒரு பலவீனமான இடம். மண்டையில் சுரக்கிற எண்ணெயும் அத்தனை வளைவைத் தாண்டி நுனிக்குப் போய்ச் சேராது. அதனால்தான் எப்போதும் வறட்சி.

டிசம்பரில் அவளுடைய அத்தைக்குக் கல்யாணம். அன்று ஒரு நாள் முடியை நேராக விட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டாள். என் மகளுக்குப் பயம். காரணம் இருந்தது. முந்தின வருடம் தோழி வீட்டில் ஸ்ட்ரெய்ட்னரை 450 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்து இழுத்திருக்கிறார்கள். செல்சியஸில் 232. வடை பொரிகிற எண்ணெயே ஏறத்தாழ 180 டிகிரிதான். நெற்றிக்கு மேலே ஒரு கொத்து அதற்குப் பிறகு சுருளவே இல்லை, தேங்காய் நார் போல நின்றது.

ரிலாக்சர் என்கிற ரசாயனமும் வேண்டாம் என்றாள். 2022-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. 33,000-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு. முடியை நேராக்கும் ரசாயனங்களை அடிக்கடி பயன்படுத்தியவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் அதிகமாகக் காணப்பட்டது என்கிறது அது.

"ஆசைப்படுவது தப்பா அம்மாச்சி?" என்று என்னிடம் வந்தாள். தப்பில்லை, வழி தெரியாமல் செய்வதுதான் தப்பு என்றேன். ஒரு நோட்டுப் போட்டோம். சம்பந்தியம்மா ஆலோசகர், நான் எழுத்தர், பேத்தி தலைவர். சோதனைக்கு முழுத் தலை எதற்கு? பின்கழுத்துக்கு மேலே, வெளியில் தெரியாத ஒரு கொத்து போதும். கீழே வெள்ளைத் தாளை விரித்து, விழும் முடியை எண்ணினோம். முனையில் வெள்ளைக் குமிழ் இருந்தால் அது தானாக உதிர்ந்தது. குமிழ் இல்லாத குட்டைத் துண்டு என்றால் நாம் உடைத்தது.

முதல் தடவை, ஈர முடியை ஹேர் டிரையரும் சீப்புமாக இழுத்துக் காயவைத்து, ஸ்ட்ரெய்ட்னரை மூன்று முறை ஓட்டினோம். உடைந்தவை 23. இரண்டாம் தடவை சம்பந்தியம்மா நூல் கொண்டுவந்தார். அவருடைய பாட்டி காட்டிய முறையாம். நைஜீரியாவின் யோருபா மக்கள் இதை 'இருன் கீகோ' என்கிறார்கள். ஈர முடியில் வேரிலிருந்து நுனிவரை நூலைச் சுற்றிக் கட்டிவிட்டால், சூடே இல்லாமல் நீண்டபடி காய்ந்துவிடும். அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை சூடு காட்டினோம். உடைந்தவை 4.

கடைசியில் நோட்டில் எழுதிய முறை இது. சுருட்டை முடிப் பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் உண்டு என்பதால் அப்படியே தருகிறேன்:

1. முதல் நாள் மாலை ஷாம்பூ போட்டு அலசி, கண்டிஷனர் தடவி, ஈரத்திலேயே விரலால் சிக்கெடுக்கவும்.
2. எட்டுப் பாகமாக நூல் சுற்றி இரவு முழுக்க விடவும். இறுக்கிக் கட்டக் கூடாது, மண்டை வலித்தால் அவிழ்க்கவும்.
3. மறுநாள் முழுக்கக் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவும். ஈரம் இருந்தால் இழைக்குள் தண்ணீர் கொதித்து முடி வெடிக்கும்.
4. சூடு தாங்கும் திரவத்தை மெல்லியதாகத் தடவி, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (177 செல்சியஸ்) ஒரு கொத்துக்கு ஒரே ஓட்டம். மறு ஓட்டம் கிடையாது.
5. இரவில் முடியைத் தலையைச் சுற்றிப் படியவிட்டுப் பட்டுத் துணியால் கட்டவும். காலையில் அவிழ்த்து உதறினால் போதும். சீப்பு, மறுபடி சூடு எதுவும் கூடாது.
6. ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். பிறகு அலசிவிட்டு, இரண்டு கால் முறுக்காகப் போட்டு மூன்று மாதம் சூடு படாமல் விடவும்.

ஐந்தாவதுக்காக என் பழைய பட்டுப் பாவாடையை வெட்டி ஒரு தொப்பி தைத்துக் கொடுத்தேன். அமெரிக்காவில் நான் செய்த உருப்படியான வேலை அதுதான்.

கல்யாணத்தில் முடி தோளுக்குக் கீழே வழிய ஆடித் தீர்த்தாள். எட்டாம் நாள் தலையில் தண்ணீர் ஊற்றினேன். இஸ்திரி போட்ட பருத்திச் சேலை ஈரம் பட்டதும் சுருங்குகிற அதே கதைதான்: சூடு கலைத்துவிட்ட ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீர் பட்டதும் பழைய இடத்துக்கே திரும்பும். என் கைக்குள்ளேயே ஒவ்வொரு சுருளாக மேலே ஏறியது. "எல்லாம் வந்துவிட்டதா அம்மாச்சி?" என்று கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். நெற்றிக் கொத்தைத் தவிர எல்லாம் வந்துவிட்டது.

நியூ ஜெர்சியில் 2019 டிசம்பரில் ஒரு சட்டம் வந்திருக்கிறது. ஒருவரின் இனத்தோடு வருகிற முடியைக் காட்டிப் பள்ளியிலோ வேலையிலோ பாகுபாடு காட்டக் கூடாது. மருமகன் இதைச் சொன்னபோது நான் தட்டைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். அதற்குக் காரணம் உண்டு.

1994. ஏழாம் வகுப்பு. ஒரு பிள்ளைக்குச் சுருட்டை முடி. ரெட்டைச் சடை போட்டு மடித்துக் கட்ட முடி நிற்காது, பின்னால் ஒரே குடுமியாகக் கட்டிக்கொண்டு வருவாள். மூன்று நாள் எச்சரித்தேன். நாலாவது நாள் வகுப்பு முன்னால் உட்கார வைத்து, காய்ந்த முடியில் சீப்பை விட்டு நானே இழுத்து வாரினேன். "பரட்டை" என்றும் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் அழவில்லை. சீப்பின் ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் கழுத்து பின்னால் போனது மட்டும் நினைவிருக்கிறது. திங்கட்கிழமை முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தாள். ஒழுங்கு வந்துவிட்டது என்று நான் திருப்திப்பட்டேன்.

முப்பது வருடம் கழித்து, என் பேத்தியின் கழுத்து அதே மாதிரி பின்னால் போனதைப் பார்த்த அன்றுதான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அம்மா, உன் பெயரைச் சொல்ல மாட்டேன். என் பதிவுகளைப் படிக்கிறாய், பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறாய். அன்று நான் செய்தது தப்பு. உன் முடியில் ஒரு குறையும் இருந்ததில்லை, எனக்குத்தான் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. வகுப்பு முன்னால் செய்த தப்புக்கு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்பதுதான் முறை. என்னை மன்னித்துவிடு. பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

என் மாணவர்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரெட்டைச் சடையில் அடங்காத பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருப்பாள். அவள் தலையில் கை வைக்காதீர்கள். சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அது போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்