ஒக்கூரிலிருந்து கொந்தகை வரை

சிவகங்கைச் சீமைக்குப் பயணம் செய்யும் வாசகர்களே, ஒக்கூரில் சற்று இறங்குங்கள். புறநானூற்றின் 279ஆம் பாடலைப் பாடிய மாசாத்தியாரின் ஊர் இதுவெனக் கருதப்படுகிறது. தந்தையையும் கணவனையும் போரில் இழந்த ஒருத்தி, தன் ஒரே மகனையும் களத்திற்கு அனுப்பிய செய்தியைப் பாடியவர் அவர்.

இந்தச் செட்டிநாட்டுப் பகுதியின் பழைய வீடுகளை உரியவர்களின் அனுமதி பெற்றுப் பாருங்கள். பர்மாத் தேக்குத் தூண்களும், முட்டை வெண்கரு சேர்த்துக் குழைத்த சுண்ணாம்புப் பூச்சும், ஆத்தங்குடிக் கற்களும் வியப்பூட்டும். ஆயினும் பல வீடுகளில் ஆண்டிற்குச் சில நாட்களே அடுப்பு எரிகிறது. பர்மாவில் ஈட்டிய செல்வத்தின் பெரும்பகுதி 1942இல் ஜப்பானியப் படையெடுப்போடு சிதறிப்போனது. பின்னாளில் இடிக்கப்பட்ட மாளிகைகளின் கதவுகளும் நிலைகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. இடிந்த சுவரைவிட அந்தக் கடைவாசல்தான் எனக்கு மனம் கனக்கச் செய்தது.

சிவகங்கை வழியாகவே கீழடிக்கும் சென்று வாருங்கள். அதையடுத்த கொந்தகை, கீழடியில் வாழ்ந்த பண்டை மக்களின் இடுகாடு. 2020இல் தொடங்கிய அகழாய்வில் அங்கே முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்டன. எலும்புகளுடன் சிறு கலயங்களும் இருந்தன. மையித்தைக் கஃபனோடு மட்டும் அடக்கும் நமக்கு இது புதுமையாகத் தோன்றும். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில் இவற்றைப் பற்றி அறியலாம். தாழிகளும் மனிதர் அடங்கிய கப்ருகளே ஆதலின், பிள்ளைகள் அங்கே சத்தமிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.