கடைக்கு இடம் தேடுவோருக்கு

வளைகுடாவில் பல்லாண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கடையொன்றில் முதலீடு செய்ய எண்ணி என்னிடம் யோசனை கேட்போர் உண்டு. "கடைவீதியில் நல்ல கூட்டம்" என்பார்கள். "அக்கூட்டம் உங்கள் கடைக்கு வருமா?" என்பதே என் முதற்கேள்வி.

டேவிட் ஹஃப் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1963இல் இதற்கொரு கணக்கு வகுத்தளித்தார். கடையின் பரப்பு வாடிக்கையாளரை ஈர்க்கும். பயண நேரம் தடுக்கும். ஒரு வீட்டிலிருந்து 5 நிமிட நடையில் 1000 சதுர அடிக் கடையும், 10 நிமிட நடையில் 2000 சதுர அடிக் கடையும் இருப்பதாகக் கொள்ளுங்கள். பரப்பை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால், முறையே 40, 20 என விடை வரும். அதாவது, மூன்று முறை கடைக்குச் செல்லும் அவ்வீட்டார், இருமுறை அருகிலுள்ள சிறிய கடையையே நாடுவர் என்பது கணிப்பு. ஆனால் பொருளுக்கேற்பக் கணக்கு மாறும். மளிகைக்காகத் தொலைவு செல்லாதவர், நகைக்காகச் செல்வர்.

இன்று கியூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருளில் மக்கள்தொகை, சாலைகள், போட்டிக் கடைகள் ஆகியவற்றை ஒரே வரைபடத்தில் அடுக்கிப் பார்க்கலாம். கையிலிருப்பது 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெனில், அதன்பின் எழுந்த குடியிருப்புகளை நேரில் சென்று எண்ணிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாடகை மலிவென்று முன்பணத்தை நீட்டிவிடாதீர்கள். திறந்த கடையைப் பெயர்ப்பது பெருஞ்செலவு. வரைபடத்திலோ எத்தனை முறை வேண்டுமாயினும் இடம் மாற்றிப் பார்க்கலாம்.