வரிக்கு எண்பது கிலோபைட்

கோப்புகளை இறக்கும் எஃப்டிபி நிரலில் 'ஹேஷ்' என்று தட்டி என்டர் அடித்தால் போதும். ஒவ்வொரு 1024 பைட்டும் வந்து சேரச் சேர, கறுப்புத் திரையில் ஒரு # விழும். எண்பது விழுந்தால் வரி நிரம்பும். கீழே அடுத்த வரி தொடங்கும். 14.4 மோடத்தில் ஒரு வரி நிரம்ப முக்கால் நிமிடத்துக்குக் குறையாது. பாக்கி எவ்வளவு என்று அது சொல்லாது. கோப்பின் அளவை முன்னமே பார்த்து வைத்துக்கொண்டு, நாமேதான் கணக்குப் போடவேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில், சிங்கப்பூரில் பஃபலோ ரோட்டு வீவக அடுக்குமாடி வீட்டில், அந்தக் கணக்கை அதிகம் கேட்டவர் அம்மாதான். வீட்டுக்கு ஒரே தொலைபேசி லைன்; மோடமும் அதில்தான். தேக்கா சந்தையில் மீன் வாங்கி மேலே வந்ததும் அவர் பெரியம்மாவிடம் பேசியாக வேண்டும்.

"இன்னும் எத்தனை வரிடா?"

"பத்து வரிம்மா."

"அப்ப மீனைக் கழுவி வச்சிட்டு வந்துடுறேன்."

சதவீதம் அவருக்குத் தேவைப்படவில்லை.

அப்படி இறங்கியவற்றில் நான் மிகவும் ஆசையோடு காத்திருந்தவை தமிழ் எழுத்துருக்கள். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றினார்கள். அதில் தமிழ் ஏறியதற்குப் பின்னால் தேசியக் கல்விக் கழகத்தில் இருந்த நா. கோவிந்தசாமியின் உழைப்பு இருந்தது. எழுத்துருவை இறக்கி நிறுவிப் பக்கத்தைத் திறந்தால், அதுவரை அர்த்தமற்ற ரோமன் எழுத்துகளாய்க் கிடந்தது தமிழாக நின்றது! 1997 மே மாதம் தமிழ்நெட் 97 மாநாடும் இங்கேயே நடந்தது. இரண்டே ஆண்டில், 1999 மே மாதம், கோவிந்தசாமி காலமாகிவிட்டார். எதையும் இறக்காமலே எல்லாக் கணினியிலும் தமிழ் தெரியும் காலத்தை அவர் பார்க்கவில்லை.

இன்றைய நிரல்களில், வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு அழகாக நீள்கிறது. கர்சரை வரியின் தொடக்கத்துக்கே திருப்பி, பழையதன் மேலேயே புதியதை எழுதுகிறது. சுழலும் குறிதான் எனக்கு ஆகவே ஆகாது. பின்னால் வேலை நின்றுபோனாலும் அது பாட்டுக்குச் சுழலும். பைட் வராமல் # விழாது. லைன் அறுந்தாலும், எதுவரை வந்தது என்பது திரையிலேயே கிடக்கும்.

மக்கள் விரும்புவது சதவீதக் கோட்டைத்தான் என்று கணினி ஆய்வாளர் பிராட் மையர்ஸ் 1985இலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் எழுதும் நிரல்களில், மொத்த அளவு தெரியாத வேலைக்கு இன்றும் கோடு வரைவதில்லை. வந்து சேர்ந்ததற்கு மட்டும் ஒரு # போடச் சொல்கிறேன்.