காரணமில்லாமல் ஒரு கார்

“வண்டி யாருக்கு மேடம்?”

2023ஆம் ஆண்டில் இரண்டு மாதத்துக்குள் இந்தக் கேள்வியை 11 பேர் என்னிடம் கேட்டார்கள். தரகர் கேட்டார். டயர் கடைப் பையன் கேட்டான். என் சொந்தத் தம்பியும் கேட்டான். “எனக்குத்தான்” என்று சொன்னால் உடனே அடுத்த கேள்வி வரும்: “எதுக்கு?”

ஆசை என்று சொன்னேன். அந்தப் பதில் யாருக்கும் போதவில்லை.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த ஜப்பான் தொழில்நுட்பம் அம்மாவின் கைனடிக் ஹோண்டா. 1991இல் வாங்கினார். கியர் கிடையாது, உதைக்க வேண்டாம், பட்டனை அழுத்தினால் கிளம்பிவிடும். புடவையோடு உட்கார்ந்து ஓட்டலாம். முத்தியால்பேட்டையிலிருந்து அதில் பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்தினார், பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கினார், எங்களை டியூஷனில் விட்டார். ஒவ்வொரு முறை சாவியை எடுக்கும்போதும் ஒரு காரணம் இருக்கும். ஞாயிறு மாலை கடற்கரைக்குப் போகும்போது மட்டும் அப்பா ஓட்டுவார். அம்மா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பார். வண்டி அம்மாவின் சம்பளத்தில் வாங்கியது.

புதுச்சேரியில் பல குடும்பங்களைப் போல எங்களுக்கும் பிரான்ஸில் சொந்தம் உண்டு. பெரியப்பா மகன் விடுமுறைக்கு வரும்போது கார் பத்திரிகைகள் கொண்டுவருவார். அவை தம்பிக்கு. அவன் படங்களை வெட்டிச் சுவரில் ஒட்டினான். மீதியிருந்த எழுத்தை நான் படித்தேன். பள்ளியில் கற்ற பிரெஞ்சு எனக்கு முதலில் உதவியது மஸ்தா எம்எக்ஸ்-5 பற்றி அறிந்துகொள்ளத்தான். இரண்டே இருக்கை, திறந்த கூரை. குழந்தைக்கும் இடமில்லை, மாமியாருக்கும் இடமில்லை. அப்படியொரு வண்டியை உலகத்தில் யாரோ யோசித்திருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஜப்பானிலும் நம்மைப் போலச் சாலையின் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஸ்டியரிங் வலப்பக்கம். அதனால் அவர்களுடைய கார் நம் சாலைக்குப் பொருந்தும். நம் பைக்குத்தான் பொருந்தாது. பழைய காரை இறக்குமதி செய்வதென்றால் அது மூன்று ஆண்டுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. சுங்க வரியோ காரின் விலையையே மிஞ்சிவிடும். இலங்கையில் ஜப்பானின் பழைய கார்கள் தெருவுக்குத் தெரு ஓடுகின்றன. இங்கே நிசான் ஜிடி-ஆர் 2016இல் புதிதாக விற்பனைக்கு வந்தபோது விலை ஏறக்குறைய 2 கோடி ரூபாய்.

எனவே இந்தியாவில் இந்த ஆசை பிடித்த நடுத்தர வர்க்கத்தார் தேடிப்போவது 2000ஆம் ஆண்டில் வந்த ஹோண்டா சிட்டி விடெக். உள்நாட்டில் தயாரானது. 1.5 லிட்டர் எஞ்சின், 106 குதிரைத்திறன். மெதுவாகப் போகும்போது சாதுவான கார். சுழற்சி ஒரு அளவைத் தாண்டினால் எண்ணெய் அழுத்தத்தில் ஒரு சிறு முள் நகர்ந்து பூட்டிக்கொள்ளும். வால்வுகள் இன்னும் ஆழமாக, இன்னும் கூடுதல் நேரம் திறக்கும். எஞ்சினின் குரலே மாறிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது அலுவலகம் போகிறவரின் குடும்பக் கார். அதனாலேயே எனக்கு இன்னும் பிடித்தது.

2002ஆம் ஆண்டு வண்டி ஒன்று விலைக்கு வந்தது. தரகர், “லேடீஸ்னா ஆட்டோமேட்டிக் ஒண்ணு இருக்கு மேடம், பார்க்கிங் ஈசி” என்றார். நான் வண்டிக்கு அடியில் குனிந்து துரு பார்த்துக்கொண்டிருந்தேன். “சார் எப்ப வந்து பார்ப்பாரு?” என்றார். சார் எட்டு வருடத்துக்கு முன்பே விவாகரத்து வாங்கிப் போய்விட்டார் என்பதைச் சொல்லவில்லை.

இதே ஊர்தான் 2017இல் செய்திகளில் அடிபட்டது. அப்போது கேரளத்தில் விலையுயர்ந்த கார்களுக்கு 20 சதவீதம் வரை சாலை வரி இருந்தது. புதுச்சேரியில் மிகக் குறைவாக இருந்தது. அதனால் கேரளத்துப் பிரபலங்கள் சிலரின் சொகுசு கார்கள் புதுச்சேரி முகவரிகளில் பதிவாகி, வழக்குகள் வந்தன. இங்கே குடியிருக்காதவர்களின் கார்களுக்கெல்லாம் பிஒய்-01 எண் கிடைத்தது. இங்கேயே பிறந்து, இங்கேயே சம்பாதிக்கிற நான்தான் யாருக்கு, எதற்கு என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பணத்துக்குக் கல்யாண வளையல்களை விற்றேன். 4 பவுன். வீட்டில் பூகம்பம். எட்டு வருடமாகப் பெட்டகத்தில் கிடந்த வளையல் சேமிப்பாம். நான் தினமும் ஓட்டப்போகும் கார் தண்டச் செலவாம். தங்கம் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்றார் அத்தை. அந்தப் பாதுகாப்பை ஒருமுறைகூட என் இஷ்டத்துக்கு நான் தொட்டதில்லை.

பிறகு வீல். ஜப்பானிலிருந்து வந்தது என்று சொல்லப்பட்ட பழைய எங்கெய் அலாய் வீல் நான்கு, 15 அங்குலம். கார் கடல் தாண்டி வர முடியாவிட்டாலும் சக்கரமாவது வரட்டுமே! துணைக்குத் தம்பி வந்தான். அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கடைக்காரர் எல்லா விவரத்தையும் அவனிடமே சொன்னார். “பிசிடி 100, சரி. ஆஃப்செட் என்ன?” என்று நான் கேட்டதும் திரும்பிப் பார்த்து, “மேடத்துக்கு எல்லாம் தெரியுதே” என்று தம்பியைப் பார்த்துச் சிரித்தார்.

எல்லாம் தெரியவில்லை. 195 அகல டயர் போதும் என்று அவர் சொல்லியும், பார்க்க நன்றாக இருக்கும் என்று 205 போடச் சொன்னது நான்தான். பாரம் ஏற்றித் திருப்பத்தில் ஒடித்தால் டயர் ஃபெண்டரில் உரசியது. மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல், பின் இருக்கையில் யாரையும் ஏற்றாமல் ஓட்டினேன். ஆண் தப்பான டயர் போட்டால் அது அவனுக்கு அனுபவம். நான் போட்டால் பெண்களுக்கு வண்டி தெரியாது என்பதற்குச் சாட்சி. என் ஒருத்தியின் பிழைக்கு ஊரிலுள்ள பெண்களெல்லாம் பொறுப்பாகிவிடுவார்கள் என்ற பயம்! காருக்குக் கொடுத்த விலையில் இதுதான் அதிகம் என்று தோன்றுகிறது. கடைசியில் கடைக்குப் போய், “தப்பு என்னுது, 195 மாத்துங்க” என்றேன். அவர் மாற்றிக்கொடுத்தார். “இது எல்லாரும் பண்றதுதான்கா” என்றார். மேடம் அக்காவாகியிருந்தேன்.

ஒரு ஞாயிறு காலை அம்மாவை முன்னிருக்கையில் உட்காரவைத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பினேன். வயது 71. காலாப்பட்டு வரை பேசவில்லை.

“எங்க போறோம்?”

“எங்கயும் இல்லம்மா. சும்மா.”

சாலை காலியாக இருந்தது. மூன்றாவது கியரிலேயே வைத்து அழுத்தினேன். எஞ்சினின் குரல் மாறியது. அம்மா கதவின் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“கைனடிக்குல நானும் ஒருவாட்டி தனியா பீச்சுக்குப் போயிருக்கேன்” என்றார். “அரைமணி நேரம் உக்காந்துட்டு வந்தேன். உங்கப்பாகிட்ட மார்க்கெட்டுக்குன்னு சொல்லியிருந்தேன்.”

“வெறுங்கையோட வந்ததுக்கு என்ன சொன்னே?”

“இன்னைக்கு மீனே வரலைன்னுட்டேன்.”