ஜோலி இல்லாத ஊர்

மாலத் தீவுகளுக்கு உபாத்தியாயராகப் புறப்பட்டபோது நம் நண்பர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லி அனுப்பினார்கள்: "ஓய்! இனி உமக்குச் சுகவாசந்தான்!" நமக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. நம் ஊர்க் கடைகளில் வாசனையாலேயே தன்னைப் பிரகடனம் செய்துகொள்ளும் மாசிக் கருவாடு அத்தீவுகளின் சரக்கு என்பதற்கு மேல் நாம் அறிந்திருந்தது சொற்பம்.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி ஒன்றரை மணிக்குள் மாலே நகரை அடைந்து, அங்கிருந்து படகில் நமது தீவுக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்நாட்டின் சுமார் 1,200 தீவுகளில் ஜனங்கள் குடியிருப்பவை ஏறக்குறைய 200. நமக்கு வாய்த்ததை அரைமணி நேரத்தில் நடந்தே சுற்றி வந்துவிடலாம். வெண்மணல் வீதிகளில் யாருக்கும் எதற்கும் அவசரமில்லை.

கடற்கரை மரநிழலில், இரும்புச் சட்டத்தில் கயிற்றுவலை பின்னிய ஆசனங்களில் ஊரார் சாய்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த ஆசனத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? ஜோலி! நம் ஊரில் ஜோலி என்றால் வேலை. இங்கேயோ வேலையை மறந்து உட்காரும் இடம்!

நம் வீட்டுத் தாழ்ப்பாள் கழன்று விழுந்தது. தச்சரிடம், "எப்போது வருவீர்கள்?" என்று கேட்டோம். அவர் புன்னகையுடன், "மாதமா" என்றார். திவேஹி பாஷையில் அதற்கு 'நாளை' என்று பொருள். நம் காதிலோ 'ஒரு மாதமா?' என்றுதான் விழுந்தது. நடந்ததும் அப்படியே!

இங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிறன்று வாரம் தொடங்குகிறது. ஒரு ஞாயிறு காலையில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் மேஜைமேல் தலைசாய்த்து உறங்கிவிட்டான். இத்தனை நாள் அடக்கிய கோபமெல்லாம் பொங்க, "இந்தத் தீவே சோம்பேறிகளின் தீவு!" என்று சொல்லிவிட்டோம். பையன் எழுந்து நின்று, "மன்னிக்க வேண்டும், ஸார். நேற்றிரவு அப்பாவுடன் படகில் போயிருந்தேன்" என்றான்.

அடுத்த வியாழன் இரவு அவன் தகப்பனார் நம் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை, தம் தோணிக்கு அழைக்க வந்தார்! இரவெல்லாம் விளக்கு வைத்துச் சிறு மீன்களைப் பிடித்துப் படகின் அடித்தொட்டியில் உயிருடன் வைத்துக்கொண்டார்கள். விடிந்ததும் நடுக்கடலில், கடற்பறவைகள் வட்டமிட்ட இடத்தில், அவற்றை இறைத்து, நீரையும் பீச்சியடித்தார்கள். சூரை மீன்கள் கொதிநீர்போல் பொங்கி எழுந்தன. ஆடவர்கள் பின்தளத்தில் வரிசையாக நின்று தூண்டிலை வீசி வீசி எடுத்தார்கள். வலை கிடையாது, ஒரு வீச்சுக்கு ஒரு மீன். கொக்கியில் எதிர்முள் இல்லாததால், தலைக்கு மேலாகப் பறந்துவந்த மீன் தானே கழன்று தளத்தில் விழுந்தது. உச்சி வெயில் வரையில் ஒருவரும் உட்காரவில்லை. நாம் செய்த ஒரே வேலை, படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தது!

கரை சேர்ந்தபின் அவர்கள் ஜோலியில் சாய்ந்தார்கள். அந்த மாலை நேரத்தை மட்டுமே கண்டு நாம் தீர்ப்பு எழுதியிருந்தோம்! பாரத மக்கள் சோம்பேறிகள் என்று வெள்ளையர் எழுதி வைத்ததைப் படித்து இரத்தம் கொதித்தவர்கள் நாம். அதே சொல்லை நாமே ஒரு சிறுவன்மேல் வீசிவிட்டோமே! ஞாயிறன்று வகுப்பார் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். பையன்தான் நம்மைவிட வெட்கப்பட்டான்.

இந்நாட்டு நிலத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்கு ஒரு மீட்டர்கூட உயரமில்லை. 2004 டிசம்பர் 26-ல் வந்த பேரலையைக் கண்டவர்கள் இவர்கள். கடல் ஏறிவருவதையும் அறிந்தவர்கள். 'மாதமா' என்ற சொல்லின் கனம் நம்மைவிட இவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும் அண்டை வீட்டாருடன் அமர்ந்து பேச இவர்களுக்கு நேரம் இருக்கிறது.

தாழ்ப்பாளா? தச்சர் ஒருநாள் வந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். ஆனால் அதற்குள் கதவைத் தாழிடும் வழக்கமே நமக்கு விட்டுப்போயிருந்தது. இப்போதெல்லாம் மாலையில் யாராவது நம்மைத் தேடி வந்தால், "ஸார் ஜோலியில் இருக்கிறார்" என்று வீட்டில் பதில் சொல்கிறார்கள். அது எந்த ஜோலி என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்வார்களாக!