எந்தக் கூரையைத் திருத்துவது?

ஐப்பசி மாதத்து மாலை ஒன்று. பாடசாலை விட்டுக் கண்டியிலிருந்து குண்டசாலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மஹியங்கனை வீதியில் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மழையில் நின்றன. அப்பொழுது, காருக்குள் அமர்ந்திருந்த நமது உச்சந்தலையில் ஒரு துளி விழுந்தது. பின்னர் இன்னொன்று. பின்னாசனத்தில் இருந்த மகள், "அப்பா, கார் அழுகுது" என்றாள்.

நமது காரின் கூரையில் ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. 'சன்ரூப்' என்று கராஜ்களில் வழங்குவது அதுவே. பொத்தானை அழுத்தினால் பின்னோக்கி நகர்ந்து ஆகாயத்தைக் காட்டும். அன்று அது இரண்டு விரற்கடை திறந்தபடியே சிக்கி நின்றுவிட்டது. மூடவும் மறுத்தது, திறக்கவும் மறுத்தது. வீடு வந்து சேர்ந்ததும் பொலித்தீன் விரிப்பொன்றால் கூரையைப் போர்த்து, நாலு கல்லை வைத்தோம். அடுத்த மூன்று வாரங்கள் இந்தக் கண்ணாடியைத் திருத்துவதா விடுவதா என்ற ஒரே கேள்வியில் கழிந்தன. இவ்வளவு அற்பமான கேள்வி மூன்று வாரம் நம்மை ஆட்டிப் படைத்தது ஏன் என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

காரை வாங்கியது 2019 ஆம் ஆண்டின் இறுதியில், வங்கிக் கடனில். பழைய யப்பானியக் கார். அதே விலைக்கு, மேற்கூரைக் கண்ணாடி இல்லாத, மூன்றாண்டு இளைய கார் ஒன்று கிடைத்தது. நாம் இதனையே தெரிந்தெடுத்தோம். ஆகாயம் பார்க்கும் ஆசையால் அன்று. பார்ப்பவர் பார்க்கட்டும் என்ற ஆசையால். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, பேராதனையில் தமிழ் படித்து, ஆசிரியத் தொழிலுக்கு வந்த ஒருவனுக்கு அந்தக் கண்ணாடி ஒரு சான்றிதழ் போல் இருந்தது. நாம் ஏறி வந்த தூரத்தை அது சொல்லாமற் சொல்லும் என்று எண்ணினோம்.

சில மாதங்களில், 2020 மார்ச்சில், வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட காலத்தில் ஓடும் பழைய கார் ஒவ்வொன்றும் பொக்கிஷமாயிற்று. 2022 இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அறிவித்தது. டொலர் ஒன்றின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியது. நாம் பெற்றோலுக்காக இரவெல்லாம் வரிசையில் நின்றோம். அந்த வரிசையில், காரின் உள்ளே சாய்ந்து படுத்து, கண்ணாடியூடாக விண்மீன்களை மகளுக்குக் காட்டியதுண்டு. ஆகவே அந்தக் கண்ணாடிமீது பெருமை மட்டுமன்றி ஒரு பாசமும் படிந்துவிட்டது என்பதை மறைக்கவில்லை.

திகன பக்கத்தில் நமக்குப் பழக்கமான கராஜ் ஒன்று உண்டு. அதனை நடத்தும் நானா, 2018 மார்ச்சில் அப்பகுதியில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்செயலில் கூரையும் கருவிகளும் எரியக் கண்டவர். கராஜின் கூரையில் பாதித் தகரம் புதியது. பாதி புகையேறிக் கறுத்தது. "ஒழுகாத தகரத்த ஏன் சேர் மாத்துறது?" என்பார்.

நானா காரின் உட்கூரைத் துணியை ஒரு பக்கம் இறக்கிக் காட்டினார். அந்த அமைப்பை அன்றுதான் நாம் அறிந்தோம். கண்ணாடி இரு பக்கத் தண்டவாளங்களில் நகர்கிறது. மோட்டர் ஒன்று கம்பிவடத்தால் அதனை இழுக்கிறது. சுற்றிலும் உள்ள இறப்பர் மழையை முற்றாகத் தடுப்பதன்று. ஓரளவு நீர் உள்ளே இறங்கவே செய்யும். அதனை ஏந்திக்கொள்ளக் கண்ணாடியின் கீழ் ஒரு தட்டு உண்டு. தட்டின் நான்கு மூலைகளிலும் சிறுவிரல் பருமனுள்ள குழாய்கள்; அவை காரின் தூண்களுக்குள் இறங்கி நீரை வெளியே விடுகின்றன. நமது காரில் நான்கு குழாய்களும் தூசியாலும் இலைச்சருகாலும் அடைபட்டிருந்தன. கண்ணாடி சிக்கியது ஒரு குறை; ஆனால் அது மூடியிருந்தாலும் கார் ஒழுகியே இருக்கும்.

மூன்று வழிகளைச் சொன்னார். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் கழற்றிய பழைய தொகுதி ஒன்றை வாங்கி முழுவதையும் மாற்றலாம். கூலியோடு ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாவரை போகும். கண்ணாடியை எடுத்துவிட்டுத் தகரம் வைத்து ஒட்டி வர்ணம் பூசலாம், அதற்கு நாற்பதாயிரம். அல்லது குழாய்களைத் துப்புரவாக்கி, கண்ணாடியைக் கையால் தள்ளி மூடி, மோட்டரின் இணைப்பைக் கழற்றிவிடலாம், எண்ணாயிரத்தில் முடியும். "இனித் திறக்கேலாது சேர். தண்ணி போற வழிய திறந்தா காணும்" என்றார்.

நாம் உடனே விடை சொல்லவில்லை. மனம் முதலாவது வழியையே நாடியது. திருத்தாவிடில் விற்கும்போது விலை குறையும் என்றது அது. பிள்ளை ஏங்குவாள் என்றது. கதிரவனைக் காண மாதக்கணக்காய்க் காத்திருக்கும் குளிர்நாட்டானுக்கு இக்கண்ணாடி ஒரு தேவையாகலாம். உச்சி வெயிலும் இரு பருவமழையும் உள்ள நாட்டில் இது யாருக்கு என்று அறிவு கேட்டது. மனம் அதற்கும் ஏதோ விடை வைத்திருந்தது. நடுத்தர வர்க்கத்தவனின் மனம் நல்ல வழக்கறிஞர். கட்சிக்காரனும் தானே, கட்டணம் செலுத்துபவனும் தானே.

இந்நிலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனோம். ஹேவாஹெட்ட மலைப்பக்கம், 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் முதன்முதல் வணிகத்துக்காகத் தேயிலை பயிரிட்ட மலைகளின் அயல். அம்மா முப்பத்துநான்கு ஆண்டுகள் அங்கே கொழுந்து பறித்தவர். இப்போது தம்பியின் மனைவி பறிக்கிறாள். அதனாலேயே காம்பிரா குடும்பத்தின் கையில் இருக்கிறது. குண்டசாலையில் நமது வாடகை வீட்டுக்கு அழைத்தால், "அங்க வந்து யாரோட பேசிக்கிட்டு இருக்கிறது?" என்று மறுத்துவிடுவார்.

அன்றும் மழை. இஸ்தோப்பில் இருந்து தேநீர் குடித்தோம். உள்ளே மூன்று இடங்களில் நீர் சொட்டிற்று: ஒன்றின் கீழ் அலுமினியச் சட்டி, ஒன்றின் கீழ் வாளி, ஒன்றின் கீழ் மகளின் பழைய குளிப்பாட்டும் பேசின். மூன்று பாத்திரங்களும் மூன்று சுருதியில் ஒலித்தன. சிறுவயதில் இந்த ஓசையில்தான் நாம் உறங்கினோம். எனினும் அன்று அதனைப் புதிதாய்க் கேட்டோம். வெளியே கூரையின்மேல், காற்றுக்குத் தகரம் பறவாதிருக்கக் கற்களோடு பழைய டயர் ஒன்றும் கிடந்தது. சென்ற ஆண்டு நமது காரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து கொடுத்த டயர் அது.

பேச்சுவாக்கில் காரின் துயரைச் சொன்னோம். ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் என்ற தொகையையும் சொன்னோம். அம்மா கோபிக்கவில்லை. வாளியை நகர்த்தியபடி சொன்னார்:

"கார் ஒழுகுனா நீ எறங்கி நடந்துக்கலாம் ராசா. லயம் ஒழுகுனா எங்க எறங்குறது?"

அந்தப் பணத்தில் கூரையை மாற்றிவிடலாமே என்றோம், தாராளமாக. அப்போது தம்பி சிரித்தான். லயத்தில் ஆறு காம்பிராக்கள், முகடு ஒன்று, தகரம் ஒன்றன்மேலொன்றாய் மேவிப் போகிறது. நடுக் காம்பிராவின் தகரத்தை மட்டும் மாற்றினால் பக்கத்துத் தகரத்தின் ஓட்டையால் நீர் வரும். ஆறையும் மாற்ற நமது பணம் போதாது. போதுமென்றாலும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இரண்டு முறை வாயால் கேட்கப்பட்டு இரண்டு முறையும் "பார்ப்போம்" என்ற பதிலோடு நின்றது. கூரை அவர்களுடையதன்று என்பதே காரணம்.

நமது வகுப்பறையில் இந்த வரலாற்றை ஆண்டுதோறும் சொல்கிறோம். 1948 இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிற்று; 1964 இன் ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது; எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 வரை காத்திருந்தது. 1972 இலும் 1975 இலும் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992 இல் முகாமை தனியார் கம்பெனிகளிடம் போயிற்று. இத்தனை கைமாற்றங்களிலும் லயத்தின் காணி உறுதி லயத்தில் இருப்பவன் கைக்கு வரவில்லை. புதிய வீட்டுத் திட்டங்களில் ஏழு பேர்ச்சஸ் காணியோடு வீடு பெற்றவர்கள் உண்டு. அம்மாவைப் போல் இன்னும் லயத்தில் இருப்போர் பலர். 2023 இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து, காணியுரிமையையும் ஒரு கோரிக்கையாக ஏந்தித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். கடைசி நாளில் நாமும் சேர்ந்துகொண்டோம். மாத்தளைவரை இதே காரில் போய், இறங்கிச் சிறிது தூரம் நடந்தோம். இதனை எழுதும்போதுதான் வெட்கம் வருகிறது.

ஒழுகும் கூரையைத் திருத்துவதா விடுவதா என்று மூன்று வாரம் நாம் தடுமாறினோம். அத்தடுமாற்றமே ஒரு செல்வம் என்பது நமக்கு உறைக்கவில்லை. காரின் கூரை நமக்குச் சொந்தம். மாற்றலாம், ஒட்டலாம், விட்டும் விடலாம். முப்பத்துநான்கு ஆண்டு உழைத்தவளுக்குத் தன் தலைக்கு மேலுள்ள தகரத்தைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமை இல்லை. அவளுக்குப் பணம் குறைவு என்பது பாதி உண்மைதான். நாம் பணத்தை நீட்டியபோதும் அந்தத் தகரம் அசையவில்லையே! தனியொரு மகனின் கருணை ஒரு காம்பிராவோடு முடிந்துவிடும். மழையோ முகடு முழுவதற்கும் பெய்கிறது.

மறுவாரம் நானாவிடம் மூன்றாவது வழியைச் சொன்னோம். அரைநாளில் வேலை முடிந்தது. குழாயொன்றிலிருந்து விரலளவு சேறும் ஒரு மாவிலைக் காம்பும் வந்தன. கண்ணாடி இனித் திறவாது. ஆயினும் அதனூடாக ஆகாயம் தெரிகிறது. மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பின்னர் மழைத்துளிகள் கண்ணாடியில் ஓடுவதைப் படுத்தபடி எண்ணத் தொடங்கினாள்.

மிச்சப் பணம் வங்கிப் புத்தகத்தில் இருக்கிறது. தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதினோம்: ஒன்றில் ஆறு காம்பிராக்களின் கூரையையும் நிர்வாகம் மாற்றித் தர வேண்டும், அன்றேல் குடியிருப்போர் தாமே மாற்ற எழுத்தில் அனுமதி தர வேண்டும். கூடிக் கேட்பது நமக்குப் புதிதன்று. சம்பள முரண்பாட்டை நீக்கக் கோரி 2021 இல் மாதக்கணக்காய் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்ற ஆசிரியர்களுள் நாமும் ஒருவர். அந்தப் பாடத்தை நமது சம்பளத்துக்கு மட்டும் பயன்படுத்தி, பிறந்த லயத்தின் வாசலில் மறந்துவிட்டிருந்தோம்.

ஐந்து குடும்பங்கள் கையொப்பமிட்டன. கடைசிக் காம்பிராவில் இருப்பவர், பேரைப் போட்டால் மகளின் வேலைக்குக் கேடு வருமோ என்று அஞ்சுகிறார். அவருடைய அச்சத்தைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. மாதச் சம்பளம் வாங்குபவனின் துணிவு மலிவானது. ஆனால் ஐந்து பெயரோடு மனுவை அனுப்ப அம்மா சம்மதிக்கவில்லை. "முகடு ஒன்னு. ஆறு பேரும் போடணும்" என்கிறார்.

மழை பெய்யும் இரவுகளில் அம்மா தொலைபேசியில் முதலில் கேட்பது, "கார் ஒழுகுதாய்யா?" என்பதே. இல்லை என்கிறோம். அதே கேள்வியை அவரிடம் திருப்பிக் கேட்க நா எழுவதில்லை. பின்னால் வாளியின் ஓசை கேட்கிறது. வரும் ஞாயிறு மீண்டும் போகிறோம். இம்முறை நேரே கடைசிக் காம்பிராவுக்கு.