அம்மனும் தடுப்பூசியும்

எங்கள் தெருவில் யார் வீட்டிலாவது அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை தொங்கும். தாளிப்பு நின்றுவிடும். "நோய்" என்று யாரும் வாய் தவறியும் சொல்வதில்லை. "ஆத்தா வந்திருக்கா" என்பதுதான் பேச்சு. இந்தப் பக்தியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் வெளியார் நுழைய மாட்டார்கள். மற்ற குழந்தைகளுக்குத் தொற்றாமலிருக்க அதுவும் ஒரு வழிதான். ஆனால், "ஆத்தா வர்றதை ஊசி போட்டுத் தடுக்கலாமா?" என்று சில வீடுகளில் கேட்கிறார்களே, அங்கேதான் எனக்குக் கவலை.

பக்கத்து வீட்டு மருமகளுக்கு ஒன்பது மாதக் கைக்குழந்தை. தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு நர்ஸம்மா நாள் சொல்லியிருந்தார். மாமியார் விடவில்லை. "எனக்கெல்லாம் யாரு ஊசி போட்டா? நான் கல்லு மாதிரி இல்லையா?" என்று ஒரே பிடிவாதம். அந்தப் பெண் கண் கலங்கி என்னிடம் வந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய், கீரை ஆய்ந்துகொண்டே பேச்சுக் கொடுத்தேன்.

"உங்ககூடப் பிறந்தவங்க எத்தனை பேர் பெரியம்மா?"

"ஏழு பேர். தங்கினது ஆறு."

"இன்னொருத்தர்?"

"தம்பி ஒருத்தன். மணல்வாரி போட்டு, மூச்சு இரைச்சே போயிட்டான்" என்றவர் கீரையைக் கீழே வைத்துவிட்டார்.

பிழைத்தவர்கள்தானே "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று சொல்ல முடியும்! மறுவாரம் குழந்தையை ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போனது அந்தப் பாட்டிதான்.

மணல்வாரி என்கிற தட்டம்மை வெறும் காய்ச்சலும் தடிப்பும் அல்ல. நிமோனியா, வயிற்றுப்போக்கு, சில குழந்தைகளுக்குப் பார்வைக் கோளாறு, மூளைக்காய்ச்சல் வரைக்கும் கொண்டுபோய்விடும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி முதல் சில மாதங்கள்தான் குழந்தைக்குக் காவல். அதனால்தான் 9 மாதம் நிறைந்ததும் முதல் ஊசி. 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது. அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகவே போடுகிறார்கள். ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாள் கழித்து லேசான காய்ச்சலோ தடிப்போ வரலாம். பெரும்பாலும் தானே அடங்கிவிடும். காய்ச்சல் அதிகமானால் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

பெரியம்மை நம் நாட்டை விட்டு 1975-ல் போயிற்று. உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதாக 1980-ல் அறிவித்தார்கள். ஒழித்தது தடுப்பூசி. அதற்காக ஆடி மாதம் கூழ் ஊற்றுவதை நாம் நிறுத்திவிட்டோமா, என்ன?

இளம் தாய்மார்களே, வீட்டுப் பெரியவர்களோடு சண்டை வேண்டாம். அந்தக் காலத்தில் பறிகொடுத்த பிள்ளைகளைப் பற்றி மெல்லக் கேளுங்கள். ஊசி அட்டையை ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். அடுத்த ஊசிக்கான தேதியை இன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள்.